போணி நேரத்தில் லோகேஸ்வரி

என் மனைவி லோகேஸ்வரியிடம் யாரும் உபசாரத்துக்குப் பேசக் கூடாது. பேசினால் அது நடந்துவிடும்.

சௌரஸ்தா பாசாரில் மீன் விற்கும் நூர் பீவி அக்கா ஒரு தடவை, வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டே, "பெருநாளைக்கு வீட்டுக்கு வாங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டார். எல்லாரிடமும் சொல்வதுதான். இவளும் "வர்றேன்க்கா" என்றாள். அதுவும் எல்லாரும் சொல்வதுதான் என்று நினைத்து, நான் மீன் பையை வாங்கிக்கொண்டு மறந்துவிட்டேன். பெருநாளன்று காலையில் பார்த்தால், பட்டுச் சேலை கட்டி, கையில் கேக் டப்பாவோடு நிற்கிறாள். "கெளம்புங்க, பாலிக் புலாவ் போகணும்" என்கிறாள். பாலிக் புலாவ் என்ன அடுத்த தெருவா? மலையைச் சுற்றிச் சுற்றி பஸ் போகப் போக, குடலே வாய்க்கு வந்துவிட்டது. அங்கே வாசலில் எங்களைப் பார்த்த நூர் பீவி அக்காவுக்கு நாங்கள் யாரென்றே ஒரு நிமிடம் தெரியவில்லை. தெரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! மகன், மருமகள் எல்லாரையும் கூப்பிட்டு, "இதுதான், நான் சொன்ன உடனே வந்துட்ட புள்ள" என்று காட்டினார். சாப்பிடவைத்தே எங்களை நகர முடியாமல் செய்துவிட்டார்.

நாங்கள் கடை போட்டிருக்கும் லிட்டில் இந்தியாவில் இந்தக் கதை தெரியாத ஆளில்லை. "வேலு, ஒன் பொண்டாட்டிகிட்ட நெலாவுக்குப் போலாம்னு சொல்லிடாத லா, பைய மடிச்சிக்கிட்டு நிப்பா" என்று எதிர்க்கடை ஹபீப் முகம்மது பாய் இன்றைக்கும் என்னைக் கிண்டல் செய்வார்.

இதற்கெல்லாம் காரணம் பாண்டு புத்ரி. பள்ளிக்கூடத்துச் சாரணியர் படைக்கு மலாயில் அதுதான் பெயர். இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போன அத்தனை பேரும் ஏதாவது ஒரு சீருடைப் படையில் இருந்தவர்கள்தான். நானும் இருந்தேன். முகாமில் மெகி மீ நூடுல்ஸ் அவித்துத் தின்றதைத் தவிர எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. லோகாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. மூன்று விரலைத் தூக்கி உறுதிமொழி எடுத்தபோது, அது அந்தக் காலத்தில் குதிரையேறிப் போன வீரர்கள் எடுத்துக்கொண்ட விரதத்திலிருந்து வந்தது என்று யாரோ சொன்னார்களாம். அதை அப்படியே மனசில் வாங்கிக்கொண்டாள். மூன்று விரலுக்கும் அவளாகவே மூன்று பொருள் வைத்துக்கொண்டிருக்கிறாள். சொன்னால் செய்ய வேண்டும். யார் முதுகுக்குப் பின்னாலும் எதுவும் செய்யக் கூடாது. விழுந்து கிடக்கிறவரைத் தாண்டிப் போகக் கூடாது. மற்ற பெண்கள் பள்ளிக்கூடம் முடிந்ததும் சீருடையோடு சேர்த்து அதையும் கழற்றி வைத்துவிட்டார்கள். இவள் சீருடையை மட்டும்தான் கழற்றினாள்.

"குதிர எங்க லோகா?" என்று கேட்பேன்.

"தெனமும் ஃபெரி ஏறி எறங்குறேன்ல, அது போதும்" என்பாள்.

அவளுக்கு வேலை எங்கள் தீவைத் தாண்டி, கடலுக்கு அந்தப் பக்கம், மாக் மண்டினில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில். பல வருஷமாக இரவு ஷிஃப்ட். விடிந்ததும் ஃபெரியில் இக்கரை வந்து, படகுத்துறையிலிருந்து நடந்தே குவீன் ஸ்திரீட்டுக்கு வருவாள். அங்கே என் பூக்கடை. கடை என்றால் ஒரு மேசை, இரண்டு கூடை, ஒரு குடை, அவ்வளவுதான். புவனேஸ்வரன் அண்ணனின் ஜவுளிக்கடைக்கு முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதையில், தூணுக்குப் பக்கத்தில், அவர் தயவில் போட்டிருந்தேன். லோகா வந்து கொஞ்ச நேரம் மல்லிகை கட்டிக் கொடுத்துவிட்டு, பிறகு வீட்டுக்குப் போய்த் தூங்குவாள்.

புவனேஸ்வரன் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அவர் கெட்டவர் இல்லை. என்னிடம் தூணடிக்கு வாடகை கேட்டதில்லை. கோயில் திருவிழாவுக்கு அன்னதானம் போடுவார். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் போணி. அன்றைய முதல் விற்பனை நல்லபடி நடந்தால்தான் நாள் முழுக்க வியாபாரம் நடக்கும் என்று வியாபாரிகள் எல்லாரும் நம்புகிறோம், நானும் நம்புகிறேன். ஆனால் அண்ணன் நம்புவது வேறு அளவு. முதலில் வருகிற ஆளை வெறுங்கையோடு அனுப்பவே மாட்டார், நஷ்டத்துக்காவது கொடுத்துவிடுவார். முதல் நோட்டைக் கண்ணில் ஒற்றி, கல்லாப்பெட்டியை மூன்று சுற்றுச் சுற்றித்தான் உள்ளே போடுவார். போணி ஆகிற வரைக்கும் கடைக்குள் யாரும் 'இல்லை' என்ற சொல்லையே சொல்லக் கூடாது. கேட்ட நிறம் கைவசம் இல்லாவிட்டாலும் "வருது" என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் கடையில் வேலை செய்கிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வது அதைத்தான்.

வேலைக்கு இரண்டு பேர் ஊரிலிருந்து வந்தவர்கள். ஒருவர் துரைப்பாண்டி, நாற்பது தாண்டியவர், வாயே திறக்க மாட்டார். இன்னொருவன் மாரிச்செல்வம், இராமநாதபுரத்துப் பக்கம், இருபத்தைந்து வயசிருக்கும். சாமி படத்துக்குச் சரம் வாங்க அவன்தான் தினமும் காலையில் என்னிடம் வருவான்.

போன ஆவணி மாதத்தில் ஒரு காலை, சரத்தை வாங்கிய பிறகும் அவன் போகாமல் நின்றான்.

"என்ன தம்பி, பூ பத்தலையா?" என்று லோகா கேட்டாள்.

அவன் கண் கலங்கிவிட்டது. தங்கைக்குக் கல்யாணம். ஆவணிக் கடைசி முகூர்த்தம். அப்பா இல்லை. தாரை வார்த்துக் கொடுக்க அண்ணன் இவன்தான் நிற்க வேண்டும். லீவு கேட்டால் முதலாளி, தீபாவளி முடியட்டும் என்கிறார். பாஸ்போர்ட் முதலாளியின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது.

"தீவாளிக்கு அப்பறம் போயி நான் யாருக்கு தார வாக்கக்கா?" என்றான்.

"பாஸ்போர்ட்ட அவரு வெச்சிருக்கிறதே தப்பு, தெரியுமா? லேபர் ஆபீஸ்ல சொன்னா எடுத்துக் குடுத்துருவாங்க."

"ஐயோ, வேணாங்க்கா. பெர்மிட்டு போயிருச்சுன்னா? கல்யாணக் கடன யாரு அடைக்கிறது?"

லோகா கையிலிருந்த நாரைக் கீழே வைத்தாள். அவள் நாரைக் கீழே வைத்தால் ஏதோ சொல்லப் போகிறாள் என்று பொருள்.

"ஒன் தங்கச்சி கல்யாணத்துல நீ நிப்ப. நான் சொல்றேன்."

சொல்லிவிட்டாள்! அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். "அவரு தூணடியில ஒக்காந்துக்கிட்டு அவரையே எதுக்கப் போறியா? மூளை இருக்கா ஒனக்கு? செய்யிறதுன்னா சத்தமில்லாம போயி லேபர் ஆபீஸ்ல ஒரு வார்த்த கேளு."

"அவருக்குத் தெரியாமயா? அது முடியாது. மொதல்ல அவரு மூஞ்சிக்கு நேரா கேக்குறேன்."

கேட்டாள். அன்றைக்கு மத்தியானமே, கடைக்குள் போய், கூட்டமில்லாத நேரம் பார்த்து, மரியாதையாகக் கேட்டாள். அண்ணன் சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டு, "பாக்கலாம் தங்கச்சி" என்றார். துள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். "பாக்கலாம்னு சொல்லிட்டாருங்க!"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 'பாக்கலாம்' என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவளுக்கு மட்டும் அது வாக்கு.

மறுநாள் காலையில் பூ வாங்க வந்தது துரைப்பாண்டி. மாரிச்செல்வம் எங்கே என்று கேட்டதற்குத் தரையைப் பார்த்துக்கொண்டே, "மாக் மண்டின் ஸ்டோருக்கு அனுப்பிட்டாங்க. அங்கயே தங்கிக்கச் சொல்லிட்டாங்க" என்றார். கொஞ்ச நேரத்தில் அவனே போன் செய்தான். ஸ்டோரில் துணிக் கட்டுப் பிரிக்கிற வேலை, கடைப் பக்கமே வரக் கூடாது என்று உத்தரவாம். "நீங்க பேசாம இருந்திருந்தா நானே கால்ல விழுந்து கேட்டிருப்பேனேக்கா" என்று அழுதான். போன் சத்தம் எனக்கே கேட்டது.

என் கோபம் தலைக்கேறிவிட்டது. "மூஞ்சிக்கு நேரா! மூஞ்சிக்கு நேரா! இப்ப பாத்தியா? ஒன் நேர்மையால அவன் நெலம முன்ன விட மோசம்!" என்று நடுத்தெருவில் கத்தினேன். ஹபீப் பாய் டே தாரிக் டீக் கோப்பையோடு வெளியே வந்து பார்த்தார்.

லோகா மறுத்துப் பேசவில்லை. முகம் மட்டும் கறுத்துப்போய்விட்டது. "ஆமா. தப்பு என்னோடதுதான்" என்றாள். "அதனால நான்தான் சரி பண்ணணும்."

"அப்ப லேபர் ஆபீஸ் போ."

"கடசியில அதுதான்னா போறேன். அதயும் அவருகிட்ட சொல்லிட்டுத்தான் போவேன். அதுக்கு முன்னால அவரே குடுக்க ஒரு வழி பாக்குறேன்."

அடுத்த நாள் ஃபெரியிலிருந்து வந்தவள் என் மேசைக்கு வரவில்லை. தொழிற்சாலைச் சீருடையோடு, தோளில் பையோடு, ஜவுளிக்கடை ஷட்டருக்கு முன்னால் போய் நின்றாள். அண்ணன் ஷட்டரைத் தூக்கினார். படத்துக்குச் சரம் போட்டு, சாம்பிராணி காட்டிவிட்டு வாசலுக்குத் திரும்பினால், முதல் ஆளாக இவள்.

"வா தங்கச்சி, என்ன வேணும்?" பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது.

"மாரிச்செல்வத்தோட பாஸ்போர்ட் இருக்காண்ணே?"

நான் கட்டிக்கொண்டிருந்த சரத்தை விட்டுவிட்டேன். அண்ணனின் வாய் திறந்தது, மூடியது. 'இல்லை' என்று சொல்ல வேண்டும், ஆனால் இன்னும் போணி ஆகவில்லை. துரைப்பாண்டி சேலை மடிப்பதுபோல் குனிந்துகொண்டார்.

"...இருக்கு."

"எடுத்துக் குடுங்கண்ணே."

"அது... வரும். பெறகு வரும்."

"சரிண்ணே. நாளைக்கு வர்றேன்."

வந்த ஆள் வெறுங்கையோடு படியிறங்கிப் போனாள். அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை. அன்றைக்கு மழை வேறு பிடித்துக்கொண்டு, தெருவில் ஈ காக்கை இல்லை. எனக்கும்தான் பூ விற்கவில்லை, அது வேறு கதை. ஆனால் அண்ணன் அதை இவள் கணக்கில் எழுதிவிட்டார்.

மறுநாள் சீக்கிரமாகவே கடை திறக்கப் பார்த்தார். இவள் முதல் ஃபெரியிலேயே வந்து நின்றிருந்தாள். அதற்கு மறுநாள் ஒரு கைக்குட்டையை நீட்டி, "ஒத்த வெள்ளி நோட்டு குடுத்துட்டு இத வாங்கிட்டுப் போயிரு தங்கச்சி" என்று கெஞ்சினார். "எனக்குக் கைக்குட்ட வேணாம்ணே. வேணும்னு பொய் சொல்லி வாங்க மாட்டேன்" என்றாள். பிறகு அண்ணன் தன் மகள் அதிராவை போணி பண்ணக் கூட்டிவந்தார். அந்தப் பெண் கல்லூரிக்குப் போகிற அவசரத்தில் நின்றது. லோகா விலகி, "நீ மொதல்ல போம்மா" என்று வழிவிட்டாள். அதிரா ஒரு துப்பட்டா வாங்கியதும் அண்ணன் தெம்பாக நிமிர்ந்து, "இல்ல! குடுக்க முடியாது! போ!" என்று இவளைப் பார்த்துக் கத்தினார். "சரிண்ணே, நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். கல்லூரிப் பெண் தினமும் வருமா என்ன?

யாரிடமும் அவரைப் பற்றி ஒரு வார்த்தை அவள் குறைவாகச் சொல்லவில்லை. வாடிக்கையாளர் வந்தால் வழிவிடுவாள். ஒரு காலை காற்றும் மழையும் சேர்ந்தடித்து, வெளியே வைத்திருந்த இரண்டு சுடிதார் ரேக்கும் சாய்ந்தன. அண்ணன் தனியாக இழுத்துக்கொண்டிருந்தார். இவள் பையைப் போட்டுவிட்டு ஓடி, இரண்டு ரேக்கையும் அவரோடு சேர்ந்து உள்ளே தள்ளினாள். தொப்பலாக நனைந்துவிட்டாள். பிறகு மறுபடியும் வெளியே வந்து வாசலில் நின்றாள்.

"உள்ள வந்து தலையத் தொடச்சிக்க புள்ள!" என்றார் அண்ணன்.

"மாரிச்செல்வத்தோட பாஸ்போர்ட் இருக்காண்ணே?"

எனக்கே அவர்மேல் பாவமாக இருந்தது. லோகாவிடம் தினமும் சண்டை போட்டேன். விட்டுத் தொலை, நமக்கெதற்கு ஊர் வம்பு, உடம்பு என்னாவது என்று. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு காலையில் போய் நிற்பாள்.

கடைசியில் அண்ணன் என் மேசைக்கு வந்தார். "வேலு, இனிமே இந்தத் தூணடியில பூக்கட வேணாம்" என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

பெண்டாட்டியைத் திட்ட எனக்கு உரிமை இருக்கிறது. அதற்காக அவளை வழிக்குக் கொண்டுவர என் வயிற்றில் அடிப்பதா? எனக்கு வந்ததே கோபம்! "ரொம்ப நன்றிண்ணே, இத்தன வருஷம் வெச்சிருந்ததுக்கு" என்று சொல்லி, மேசையை அப்படியே தலைக்குமேல் தூக்கி, வருகிற காரையெல்லாம் நிறுத்தி, தெருவைக் கடந்தேன். ஹபீப் பாய் தன் சாப்பாட்டுக்கடை வாசலில் இரண்டு நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார். "இங்க போடு லா வேலு. கறி வாசத்துல ஒன் மல்லிக கொஞ்சம் செரமப்படும். வேற ஒண்ணுமில்ல" என்றார். அன்றிலிருந்து நான் லோகாவிடம் விட்டுவிடு என்று சொல்லவில்லை. எதிரில் உட்கார்ந்து பார்க்க, அந்த வாசல் இன்னும் நன்றாகவே தெரிந்தது.

முகூர்த்தம் நெருங்கிவிட்டது. இனிமேல் டிக்கெட் எடுத்தால்தான் உண்டு. அந்தக் காலை லோகா வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

"அண்ணே, நாளைக்கு நான் இங்க வர மாட்டேன். லேபர் ஆபீஸ் போறேன். சொல்லாம போயிட்டான்னு நீங்க நெனைக்கக் கூடாது. அதான் சொல்லிட்டுப் போக வந்தேன்."

நான் தெருவைக் கடந்து பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அண்ணன் வெடித்துவிட்டார்.

"போ! போய்ச் சொல்லு! முன்னால ஒருத்தன் இருந்தான், தெரியுமா? பத்தே நாள்னு கெஞ்சுனான். எடுத்துக் குடுத்தேன். தீவாளிச் சரக்கு வந்து எறங்குது, அவன் வரவே இல்ல. நானும் இந்தத் தொரப்பாண்டியும் சாப்பிடாம கொள்ளாம செத்தோம். இவனும் போனா வருவான்னு யாரு சொல்றது? நீ சொல்வியா?"

"சொல்றேன்" என்றாள் லோகா. "அவன் மனசுக்குள்ள பூந்து பாத்து சொல்ல முடியாது. ஆனா தீவாளி வரைக்கும் அவன் எடத்துல ஒரு ஆளு நிக்கும். அவன் வந்தா அவன். வரலேன்னா நான்."

அண்ணன் அவளையே பார்த்தார். வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்துத் துரத்தியிருப்பார். ஆனால் பாலிக் புலாவ் கதை அவருக்கும் தெரியுமே. அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை தடவை சிரித்திருக்கிறார்! அப்போது சிரிப்பு வரவில்லை. உள்ளே போனார். இரும்புப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார்.

"இன்னும் போணி ஆகல" என்று முனகினார்.

லோகா கடைக்குள் நுழைந்தாள். மழையில் ரேக்கைத் தள்ளிய நேரம் தவிர, அத்தனை காலையிலும் அவள் தாண்டாத வாசல் அது. மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட ஒரு சேலையை எடுத்தாள். "கல்யாணப் பொண்ணுக்கு" என்றாள். விலை கேட்டாள், பேரம் பேசாமல் கொடுத்தாள். அண்ணன் நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாப்பெட்டியைச் சுற்றினார்.

மாரிச்செல்வம் போய்விட்டான். முகூர்த்தத்தன்று வீடியோ கால் போட்டான். ஹபீப் பாய் கடை வாசலில், மல்லிகைக் கூடைக்கு மேலே போனைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் பார்த்தோம். மேளச் சத்தத்தில் ஒரு வார்த்தை புரியவில்லை. பட்டு வேட்டி கட்டி, தங்கையின் கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்து அவன் நின்றான். தண்ணீர் விழுந்தது தெரிந்தது. லோகா "நின்னுட்டான், நின்னுட்டான்" என்று என் தோளில் அடித்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. பூவுக்குத் தண்ணீர் தெளிக்கிறேன் என்று திரும்பிக்கொண்டேன்.

திரும்பி வருவதாகச் சொன்ன தேதி வந்தது. அவன் வரவில்லை. போன் எடுக்கவில்லை. பிறகு ஒரு குரல் செய்தி மட்டும் வந்தது. "அம்மா தனியா கெடக்காங்க. விட மாட்டேங்குறாங்க. மன்னிச்சிருங்கக்கா."

நான் போட்ட கூச்சலில் பாயின் கடையில் சாப்பிட்டவர்கள் எழுந்து பார்த்தார்கள். நன்றி கெட்டவன், துரோகி, அவன் நல்லா இருப்பானா, எல்லாம் சொன்னேன். லோகா ஷிஃப்ட் முடிந்து வந்த களைப்பில் இருந்தாள். பாயின் கடைக் குழாயில் முகத்தைக் கழுவினாள். சீருடைக்கு மேல் துப்பட்டாவைச் சரி செய்துகொண்டாள்.

"எங்க போற?"

"கடைக்கு. சொல்லிருக்கேன்ல."

"அவனே வாக்க மீறிட்டான், நீ எதுக்குடி?"

"அவன் எனக்கு ஒரு வாக்கும் குடுக்கலங்க. குடுத்தது நான்தான்."

போனாள். அண்ணன் அவளைப் பார்த்துவிட்டு ஒரு கட்டுச் சேலையை எடுத்து முன்னால் போட்டார். அன்று முதல் தீபாவளி வரைக்கும் இரவெல்லாம் தொழிற்சாலை, பகல் பாதி ஜவுளிக்கடை. வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் படுத்து எழுந்து மறுபடியும் ஃபெரி. வேலையும் அவளுக்கு ஒழுங்காக வரவில்லை. அவள் மடித்த சேலையைத் துரைப்பாண்டி சத்தமில்லாமல் பிரித்து மறுபடி மடிப்பார். கால் வீங்கிவிட்டது. சாயங்காலம் வெந்நீரில் காலை வைக்கச் சொல்லி நான் திட்டிக்கொண்டே ஊற்றுவேன். கூட்டம் நெரிகிற ஒரு நாள் அண்ணனே, "போதும் தங்கச்சி, வீட்டுக்குப் போ" என்றார். "தீவாளி இன்னும் வரலியேண்ணே" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாடிக்கையாளருக்குச் சேலை பிரித்துக் காட்டினாள்.

தீபாவளிக்கு முந்தைய நாள், கடைசிக் கூட்டம் போனதும், நான் அவளுக்குத் தலையில் வைக்க ஒரு முழம் மல்லிகை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் கல்லாவுக்குப் பின்னால் ஓய்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணு கேக்கவா தங்கச்சி? அவன் ஒன்ன இப்படி மாட்டிவிட்டுட்டானே, கோவமே வரலியா?"

"வந்துச்சுண்ணே. ராத்திரி ஃபெரியில நின்னுக்கிட்டே தூங்குனப்ப ரொம்ப வந்துச்சு" என்றாள் லோகா. "ஆனா அவன் தங்கச்சி கல்யாணத்துல நின்னானா இல்லியா? அதுக்குத்தானே நான் ஒங்க வாசல்ல வந்து நின்னேன்."

துரைப்பாண்டி ஷட்டரை இழுத்துவிடப் போனார். பாதி இறக்கியவர், ஷட்டரை அப்படியே பிடித்துக்கொண்டு, அவள் சொன்னதைக் கேட்டு நின்றுவிட்டார். அந்த மனிதர் எத்தனை வருஷமாக ஊருக்குப் போகவில்லை என்று அதுவரை நாங்கள் யாருமே கேட்டதில்லை. வீட்டுக்கு வரும் வழியில் லோகா அதைத்தான் சொன்னாள். "அந்தண்ணன் ஒரு தடவகூட கேக்கலியேங்க. கேக்கவே பயம் போல."

தீபாவளி விடுமுறை முடிந்து கடைகள் திறந்த காலையில், லோகா ஷிஃப்ட் முடித்து நேராக என் மேசைக்குத்தான் வந்துகொண்டிருந்தாள். அவள் வாக்கு முடிந்துவிட்டது. அந்த வாசலில் அவளுக்கு இனி வேலை ஒன்றுமில்லை. ஆனால் எதிரே ஜவுளிக்கடை ஷட்டர் தூக்கியிருந்தது. சாம்பிராணி போட்டாயிற்று. சுங்கை பட்டாணியிலிருந்து வந்த இரண்டு பெண்கள் வெளியே நின்றார்கள். அண்ணன் அவர்களை உள்ளே விடாமல், "ஒரு நிமிசம்மா, போணி பண்ற ஆளு வந்துக்கிட்டிருக்கு" என்று நிறுத்தி வைத்திருந்தார். தெருமுனையில் சீருடையைக் கண்டதும் கையைத் தட்டினார்.

"தங்கச்சி! வா!"

லோகா என்னைப் பார்த்தாள். நான் போ என்று கையைக் காட்டினேன். பூக்கூடையை அப்படியே விட்டுவிட்டு நானும் பின்னால் போனேன். பாயும் வந்தார்.

"என்ன வேணும்?" என்றார் அண்ணன்.

அவள் என்ன கேட்பாள் என்று அவருக்குத் தெரியாதா? அவளைத் தெரிந்த யாருக்குத்தான் தெரியாது? தெரிந்துதான் வாசலில் நின்று கூப்பிட்டார்.

"தொரப்பாண்டி அண்ணனோட பாஸ்போர்ட் இருக்காண்ணே?"

"இருக்கு" என்றார். இரும்புப் பெட்டிக்குப் போகவில்லை, அது சட்டைப் பையிலேயே இருந்தது. எடுத்தார். திரும்பி, துரைப்பாண்டியின் கையைப் பிடித்து இழுத்து, அதில் வைத்து அழுத்தினார். "ஒன்கிட்டயே இருக்கட்டும்ப்பா. எப்பப் போறேன்னு மட்டும் முன்னாடியே சொல்லு."

துரைப்பாண்டி அதைப் பிரித்தார். முதல் பக்கத்தில் இருந்த தன் பழைய முகத்தைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சேலைக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதருக்கு அழத் தெரியும் என்றே எங்களுக்குத் தெரியாது.

சுங்கை பட்டாணிப் பெண்கள் என்னவோ ஏதோ என்று பார்த்தார்கள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போணி, தங்கச்சி" என்றார்.

லோகா மூக்கை உறிஞ்சினாள். முகமெல்லாம் நனைந்திருந்தது. பையைத் திறந்து ஒரு வெள்ளி நோட்டை எடுத்து நீட்டினாள்.

"ஒரு கைக்குட்ட குடுங்கண்ணே. இப்ப நெசமாவே வேணும்."